குழியிலா, சட்டத்திலா? காஞ்சிபுரத்து நெசவு வீடுகளில் மரத்தறியின் அமைப்பு குறித்த வாதங்கள்

வினாவும் அதன் எல்லையும்

காஞ்சிபுரத்தின் பட்டு நெசவு இன்றளவும் பெரும்பாலும் குடியிருக்கும் வீட்டுக்குள்ளேயே நடைபெறும் தொழிலாகும். பிள்ளையார்பாளையம் முதலிய நெசவாளர் பகுதிகளில் சமையலும் உறக்கமும் பிள்ளைகளின் படிப்பும் நடக்கும் அதே கூரையின் கீழ்த்தான் தறியும் இருக்கிறது. வீட்டின் மிக நீண்ட அறை அதற்கே ஒதுக்கப்படுகிறது. ஆகவே அந்த மர அமைப்பைத் தரையில் குழி தோண்டி அதன்மேல் நிறுவுவதா, அல்லது கால்களூன்றித் தனித்து நிற்கும் சட்டமாக எழுப்புவதா என்னும் வினா தச்சு நுட்பத்தோடு முடிந்துவிடுவதில்லை. நெசவாளர் எப்படி உட்கார்கிறார், அருகில் யார் உட்கார்கிறார், மழை பெய்தால் வேலை என்னாகிறது, வாடகை வீட்டில் இருப்பவர் தறி வைத்துக்கொள்ள முடியுமா என்பனவும் அதற்குள் அடங்கியுள்ளன.

இவ்வினாவுக்கு ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகப் பலர் விடையளித்துள்ளனர். காலனிய ஆட்சியின் தொழில் சீர்திருத்தக்காரர்கள் ஒன்றைச் சொன்னார்கள். கைவினைப் பாதுகாவலர்கள் அதற்கு மாறான ஒன்றைச் சொன்னார்கள். உழைப்பாளர் நலனை முன்வைப்போர் இரண்டையும் வேறொரு கோணத்திலிருந்து கேள்விக்கு உட்படுத்தினார்கள். சுதந்திர இந்தியாவின் சட்டங்களும் நலத்திட்டங்களும் நேராக விடை கூறாமலேயே ஒரு விடையை நடைமுறைப்படுத்தி வருகின்றன. இந்நிலைப்பாடுகள் எங்கிருந்து தோன்றின, எவ்விடத்தில் வலுவுடையன, எவ்விடத்தில் தளர்கின்றன என்பதை இக்கட்டுரை தொகுத்து நோக்குகிறது.

இரு அமைப்புகள்

குழித்தறி என்பது தரைமட்டத்தில் அமையும் தறி. நெசவாளர் குழியின் விளிம்பில் அமர்ந்து கால்களை உள்ளே தொங்கவிட்டு, குழிக்குள் இருக்கும் மிதிகளை அழுத்துவார். மிதியோடு இணைந்த விழுதுகள், அதாவது நீளவாக்கில் ஓடும் பாவு இழைகளைக் கோத்து ஏற்றி இறக்கும் நூற்கண்ணிகள், மேலும் கீழும் அசையும்போது இழைகளுக்கிடையே வழி திறக்கும். அந்த வழியில் நாடா குறுக்கு இழையான ஊடையை எடுத்துச் செல்லும். அச்சு பொருத்திய பலகை அவ்விழையை அடித்து நெருக்கும். நெய்து முடிந்த துணி நெசவாளரின் மடிக்கு முன்னுள்ள படமரத்தில் சுற்றப்படும். குழித்தறிக்குத் தேவைப்படும் மரம் ஒப்பளவில் குறைவு, ஏனெனில் அசையாமல் தாங்கும் வேலையின் பெரும்பகுதியைத் தரையே செய்துவிடுகிறது. தரையில் ஊன்றிய முளைகளும் சுவரும் உத்தரமும் சேர்ந்து தறியின் உறுப்புகளாகிவிடுகின்றன.

சட்டத்தறி என்பது நான்கு கால்களும் குறுக்குச் சட்டங்களும் கொண்டு தரைக்கு மேல் தனித்து நிற்பது. நெசவாளர் உயர்ந்த பலகையில் அமர்வார். மிதிகள் தரைக்கு மேலேயே இருக்கும். பாவு பின்புற உருளையில் சுற்றப்பட்டிருக்கும். அடிக்கும் பலகையின் அதிர்வையும் இழுத்துக் கட்டிய பாவின் விசையையும் மரச்சட்டமே தாங்க வேண்டியிருப்பதால், முதிர்ந்த கனமான மரமும் தளராத மூட்டுகளும் இதற்கு இன்றியமையாதவை. மூட்டு தளர்ந்த சட்டத்தில் ஊடையின் நெருக்கம் இடத்துக்கு இடம் மாறும்; பட்டில் அம்மாற்றம் துணியின் குறுக்கே கோடாகத் தெரிந்துவிடும்.

தரையை ஒட்டி வேலை செய்வதா, உயர்த்திய மேடையில் வேலை செய்வதா என்பது நெசவுக்கு மட்டும் உரிய வேறுபாடன்று. ஐரோப்பியத் தச்சர்கள் நின்றவாறு வேலை செய்ய உயரமான மேசைகளைப் பயன்படுத்தியபோது, ஜப்பானியத் தச்சர்கள் தாழ்வான மரத்தண்டுகளின் மேல் வைத்தே மரத்தை இழைத்து வந்தனர். இந்தியக் கைவினைஞர்கள் தரையில் அமர்ந்து, கால்களையும் பிடிகருவிகளாகப் பயன்படுத்தி வேலை செய்வதைக் காலனியக் காலப் பார்வையாளர்கள் பலர் குறையாகக் கருதினர். தறி பற்றிய வாதத்திலும் அந்தப் பார்வையின் நிழல் படிந்துள்ளது.

முதல் நிலைப்பாடு: குழியை விட்டு எழ வேண்டும்

தமிழகத்தில் தறி வீட்டின் சொத்தாகவும் வரிக்குரிய அலகாகவும் நெடுங்காலமாக இருந்து வந்துள்ளது. இடைக்காலக் கல்வெட்டுகளில் வரும் தறி இறை என்னும் தறிவரி அதற்குச் சான்று. விஜயா ராமசாமி 1985-இல் வெளியிட்ட, இடைக்காலத் தென்னிந்திய நெசவாளர்கள் பற்றிய நூல் இத்தகைய சான்றுகளை விரிவாக ஆராய்ந்தது. ஆயினும் வரி விதித்தவர்கள் தறிகளை எண்ணினார்களே தவிர, அவற்றின் வடிவத்தைத் திருத்த முற்படவில்லை. வடிவம் ஒரு கொள்கைச் சிக்கலாக மாறியது காலனியக் காலத்தில்தான்.

இங்கிலாந்தில் ஜான் கே 1733-இல் காப்புரிமை பெற்ற விசைநாடா, கயிற்றை இழுத்தவுடன் பெட்டியிலிருந்து பெட்டிக்குத் தானே ஓடுவது. கையால் நாடாவை எறிந்து மறு கையால் பிடிக்கும் முறையைவிட இது வெற்றுத்துணி நெசவில் வேகமானது. 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பாசல் மிஷன் மங்களூரில் நெசவாலை நிறுவி, மேற்குக் கரையில் ஐரோப்பிய வகைச் சட்டத்தறிகளைப் பரப்பியது. சென்னைக் கலைப் பள்ளியிலும் பின்னர் கல்கத்தாவிலும் பணியாற்றிய இ. பி. ஹேவல், ஆலைத்துணியோடு கைத்தறி போட்டியிட விசைநாடாவே வழி என்று வாதிட்டார். சென்னை மாகாணத்தின் தொழில் வளர்ச்சிக்கு முன்னின்ற ஆல்ஃப்ரட் சாட்டர்ட்டன், 20-ஆம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டில் சேலத்தில் அரசு நெசவுக்கூடம் ஒன்றை நடத்தி, திருத்திய கைத்தறிகளை ஒரே கூரையின் கீழ் இயக்கிப் பார்த்தார். அரசே வணிக நோக்கில் தொழில் நடத்துவதை 1910-இல் இந்தியாவுக்கான பிரிட்டிஷ் அரசுச் செயலராக இருந்த மார்லி பிரபு ஏற்க மறுத்ததோடு அம்முயற்சிகள் தடைப்பட்டன.

இந்நிலைப்பாட்டின் வலிமை, நெசவாளரின் வருவாயை அது முதன்மைப்படுத்தியதில் உள்ளது. ஒரு நாளில் கூடுதலாக நெய்ய முடிந்தால் கூடுதல் கூலி கிடைக்கும் என்ற எண்ணம் வெற்றுப் பருத்தித்துணிக்குப் பெரும்பாலும் பொருந்தியது. ஆனால் அதன் தளர்ச்சிகள் இரண்டு. முதலாவது, விசைநாடா வேறு, சட்டத்தறி வேறு என்பதை அது தெளிவாகப் பிரித்துப் பார்க்கவில்லை. விசைநாடாவைக் குழித்தறியிலேயே பொருத்த முடியும், தென்னிந்தியாவின் பல பகுதிகளில் நெசவாளர்கள் அவ்வாறே பொருத்திக்கொண்டனர். இரண்டாவது, சேலம் கூடத்துக்கு வர நெசவாளர்கள் காட்டிய தயக்கத்தை அது பழமைப் பிடிப்பாகவே பெரும்பாலும் விளக்கியது. வீட்டில் நெய்யும்போது நாடாவுக்கான நூலைத் தாரில் சுற்றுவதிலும் பாவு பிணைப்பதிலும் குடும்பத்தார் அனைவரும் துணை நிற்பதும், வேலை நேரத்தை நெசவாளரே தீர்மானிப்பதும் பொருளாதாரக் காரணங்களே ஆகும். நெசவாளர்கள் புதிய கருவிகளை முற்றாக மறுக்காமல் தமக்கு ஏற்றவற்றை மட்டும் தேர்ந்தெடுத்தனர் என்பதைத் திர்தங்கர் ராய் முதலிய பொருளாதார வரலாற்றாசிரியர்கள் பிற்காலத்தில் எடுத்துக்காட்டியுள்ளனர்.

இரண்டாம் நிலைப்பாடு: பட்டுக்குக் குழியே உரியது

கைவினைஞரின் வாழ்க்கைமுறையையும் அவருடைய கருவிகளையும் பிரிக்க இயலாது என்ற கருத்துக்கு ஆனந்த குமாரசாமி 1909-இல் வெளியிட்ட, இந்தியக் கைவினைஞர் பற்றிய நூல் ஒரு தொடக்கத்தை அளித்தது. காஞ்சிபுரத்தைப் பொறுத்தவரை இந்தக் கருத்து பொதுவான அறநோக்கில் நின்றுவிடாமல், குறிப்பிட்ட நெசவு நுட்பங்களைச் சார்ந்து வலுப்பெற்றது.

அவற்றுள் முதன்மையானது கோர்வை. சேலையின் உடல் ஒரு நிறத்திலும் இரு கரைகளும் வேறு நிறத்திலும் இருக்கும்போது, ஒவ்வொரு பகுதிக்கும் தனித்தனி நாடா ஓட, நிறம் மாறும் எல்லையில் ஊடை இழைகள் ஒன்றையொன்று கொளுவிக்கொள்வதே கோர்வை. மூன்று நாடாக்கள் தேவைப்படும் இந்நெசவில் எந்த நாடாவும் துணியின் முழு அகலத்தையும் கடப்பதில்லை. ஆகவே முழு அகலமும் ஒரே வீச்சில் ஓடுவதற்காக வடிவமைக்கப்பட்ட விசைநாடாவால் இதற்குப் பயன் குறைவு. இரண்டாவது நுட்பம், முந்தானைக்கு வேறு நிறப் பாவை உடலின் பாவோடு இழைக்கு இழை சேர்க்கும் பேட்னி. இதைச் செய்யும்போது பாவின் இறுக்கத்தைக் கையெட்டும் தொலைவிலிருந்து சிறிது சிறிதாகத் தளர்த்தவும் இறுக்கவும் வேண்டியிருக்கிறது. தரைமட்டத்தில் நீண்டு கிடக்கும் பாவும், நெசவாளரின் அருகிலேயே கட்டப்பட்ட கயிறும் அதற்கு வசதியானவை என்பது குழித்தறியை ஆதரிப்போரின் வாதம்.

தரையின் ஈரப்பதம் இழை அறாமல் காக்கிறது என்ற வாதமும் அடிக்கடி முன்வைக்கப்படுகிறது. கஞ்சியிட்ட பருத்திப் பாவுக்கு இது எளிதில் பொருந்தும். முறுக்கேற்றிய பட்டுக்கு அதே அளவில் பொருந்துமா என்பது அவ்வளவு தெளிவாக இல்லை. மேலும் வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் தரைக்குள்ளிருந்து ஊறும் நீர் குழியை நிரப்பி வேலையை நிறுத்திவிடுவதும், ஈரத்தால் மரவுறுப்புகள் உப்பி வளைவதும் இதே வாதத்துக்கு எதிரான சான்றுகளாகின்றன. நன்மை செய்யும் ஈரமும் தீமை செய்யும் ஈரமும் ஒரே தரையிலிருந்தே வருவதால், எந்த மாதத்தில், எந்தத் தெருவில், எத்தகைய தரையில் என்று கேட்காமல் இவ்வாதத்தை மதிப்பிட இயலாது.

இந்நிலைப்பாட்டின் மற்றொரு தளர்ச்சி, கோர்வையையும் குழியையும் ஒன்றாக எண்ணுவது. கோர்வைக்கு இன்றியமையாதவை மூன்று நாடாக்களும் அவற்றை இயக்கும் கைகளுமே; குழி அதன் நேரடித் தேவையாகத் தெரியவில்லை. சட்டத்தறியிலும் கோர்வை நெய்யலாம் என்பதை ஏற்றுக்கொண்டால், குழிக்கான வாதம் நுட்பத்திலிருந்து நெசவாளரின் பழக்கத்துக்கும் வீட்டின் அமைப்புக்கும் நகர்கிறது. அவ்வாறு நகர்வதால் அதன் மதிப்பு குறைந்துவிடாது. தலைமுறைகளாகப் பழகிய உடலின் தேர்ச்சியும் ஒரு மூலதனமே. ஆயினும் அது நுட்பத்தின் தேவையாக முன்வைக்கப்படும்போது வாதம் குழம்பிப்போகிறது.

ஜக்கார்டும் கூரையும்

தறியின் அமைப்பை உண்மையில் மாற்றியது, கீழேயுள்ள குழியைக் குறித்து எழுந்த வாதத்தைவிட, மேலே ஏறிய ஒரு பெட்டி எனலாம். பழைய முறையில் அடை என்னும் கயிற்றமைப்பைக் கொண்டு, உதவியாள் ஒருவர் பாவு இழைகளைத் தொகுதி தொகுதியாகத் தூக்கிக்கொடுக்க, கரையிலும் முந்தானையிலும் உருவங்கள் நெய்யப்பட்டன. பிரான்சின் ஜோசப் மாரி ஜக்கார்டு 1804-இல் உருவாக்கிய, துளையிட்ட அட்டைகளால் இழைகளைத் தேர்ந்து தூக்கும் கருவி 20-ஆம் நூற்றாண்டில் காஞ்சிபுரத்திலும் பரவி, அடையின் இடத்தைப் பெருமளவு பிடித்தது.

ஜக்கார்டு பெட்டி தறிக்கு மேலே உயரத்தில் அமர வேண்டும். அதன் எடையையும் ஒவ்வொரு மிதியிலும் ஏற்படும் அதிர்வையும் தாங்கும் மரத்தூண்கள் வேண்டும். அட்டைச் சங்கிலி தொங்குவதற்கு இடம் வேண்டும். தாழ்ந்த ஓட்டுக் கூரைக்கு அடியில் இவை எளிதில் அடங்குவதில்லை. இங்கேதான் குழித்தறிக்கு எதிர்பாராத ஒரு நன்மை புலப்பட்டது. நெசவாளர் தரைமட்டத்தில் அமர்வதால் தறியின் மேற்பகுதிக்குக் கூடுதல் உயரம் கிடைக்கிறது. அதே கூரைக்கு அடியில் சட்டத்தறியை எழுப்பினால் பெட்டிக்கு இடம் குறைந்துவிடுகிறது. எனவே புதிய கருவியொன்று பழைய அமைப்பை நீக்குவதற்கு மாறாக அதை நிலைநிறுத்தவும் துணைபுரிந்திருக்கக்கூடும். சீர்திருத்தக்காரர்களும் பாதுகாவலர்களும் போதிய கவனம் செலுத்தாத கூறு இது: தறியின் உயரத்தைக் கூரையின் உயரமும், நீளத்தை அறையின் நீளமும் தீர்மானிக்கின்றன.

வீட்டின் உரிமையும் இவ்வாறே குறுக்கிடுகிறது. குழி தோண்டுவது தரையை நிலையாக மாற்றும் செயலாகையால், சொந்த வீடில்லாத நெசவாளர் வீட்டுக்காரரின் இசைவின்றி அதைச் செய்ய இயலாது. கழற்றி எடுத்துச் சென்று வேறிடத்தில் பூட்டக்கூடிய சட்டத்தறி அவருக்கு ஏற்றதாகலாம். ஆனால் அதற்குக் கூடுதல் மரமும் தச்சுக்கூலியும் வேண்டும்; வாடகை வீட்டில் இருப்பவருக்கே அந்த முதலீடு கடினமானது. கூட்டுறவுச் சங்கங்கள் பெருகிய பின்னர் மரபாக நெசவு செய்யாத சாதியினரும் சுற்றுவட்டாரக் கிராமங்களில் இத்தொழிலுக்கு வந்துள்ளனர். அவர்களுடைய வீடுகள் நெசவை முன்னிட்டுக் கட்டப்பட்டவை அல்ல என்பதையும் இங்குக் கருத்தில் கொள்ள வேண்டும்.

மூன்றாம் நிலைப்பாடு: உடலும் உதவியாளும்

உழைப்பாளரின் உடல்நலத்தை முன்னிறுத்துவோர், எந்தத் தறி கூடுதலாக நெய்கிறது, எது அழகாக நெய்கிறது என்ற இரு கேள்விகளுக்கும் முன்னர், எது நெசவாளரைக் குறைவாக வருத்துகிறது என்று கேட்க வேண்டும் என்கின்றனர். குழித்தறியில் முதுகுக்குச் சாய்வில்லை. கழுத்தும் தோளும் முன்னோக்கி வளைந்தே இருக்கின்றன. மேலிருந்து விழும் வெளிச்சம் போதாதபோது வளைவு மேலும் கூடுகிறது. குழிக்குள் இறங்குவதும் ஏறுவதும் முதியவருக்கும் கருவுற்ற பெண்ணுக்கும் கடினமாகின்றன. 2019–20-இல் நடைபெற்ற நான்காம் அகில இந்தியக் கைத்தறிக் கணக்கெடுப்பு, நாடு முழுவதும் 35 லட்சத்துக்கும் மேற்பட்ட கைத்தறித் தொழிலாளர்களைப் பதிவு செய்தது; அவர்களுள் பெரும்பான்மையினர் பெண்கள். அவர்களுடைய உடல் அளவை மனத்தில் கொண்டு தறிகள் எந்த அளவுக்கு அமைக்கப்பட்டுள்ளன என்ற கேள்வி நியாயமானது.

இதனினும் கடுமையானது உதவியாளைப் பற்றிய கேள்வி. கோர்வை நெசவில் ஒரு கரையின் நாடாவை எறிய நெசவாளரின் பக்கத்தில் இன்னொருவர் அமர வேண்டியிருக்கிறது. அந்த இடத்தில் நெடுங்காலம் குழந்தைகள் அமர்த்தப்பட்டனர். மனித உரிமைக் கண்காணிப்பகம் 2003-இல் வெளியிட்ட, இந்தியப் பட்டுத்தொழிலில் கொத்தடிமைக் குழந்தை உழைப்பு பற்றிய அறிக்கை காஞ்சிபுரத்தையும் ஆய்வுக்கு எடுத்துக்கொண்டது. முன்பணம் பெற்ற பெற்றோரின் கடனுக்காகப் பிள்ளைகள் தறியில் கட்டுண்டு கிடந்த நிலைமை அதில் விளக்கப்பட்டது. நாட்டின் மிக மதிப்புக்குரிய துணிகளுள் ஒன்று இத்தகைய உழைப்பையும் சார்ந்திருந்தது என்பதைத் தறியின் பெருமை பேசும் எந்த எழுத்தும் கடந்துபோகக் கூடாது. குழந்தை உழைப்புக்குக் கடனும் வறுமையும் முதற்காரணங்கள் என்பது உண்மை. எனினும், இரண்டாவது ஆளை வேண்டி நின்ற தறியமைப்பு அவற்றுக்கு இடமளித்தது என்பதும் அதே அளவு உண்மை.

இதற்கு விடையாக, ஒருவரே மூன்று நாடாக்களையும் இயக்க உதவும் பலகை அமைப்புகள் உருவாக்கப்பட்டுள்ளன. இவை தளராத, அகலமான சட்டத்தை வேண்டுவதால் தறியின் மரவேலையும் மாற வேண்டியதாகிறது. இந்நிலைப்பாட்டின் தளர்ச்சி, சட்டத்தறி தானாகவே நலம் தரும் என்று சில வேளைகளில் கருதிவிடுவதில் உள்ளது. உட்காரும் பலகையின் உயரம், மிதிக்கும் பலகைக்கும் இடையிலான தொலைவு, படமரத்தின் உயரம் ஆகியவை நெசவாளரின் உடலுக்குப் பொருந்தாவிட்டால், உயர்ந்த தறியும் இடுப்பையும் தோளையும் வருத்தும். தச்சர் ஒவ்வொரு நெசவாளருக்கும் ஏற்ப அளவெடுத்துச் செய்த நிலை மாறி, ஒரே அளவில் செய்து வழங்கப்படும் தறிகள் பெருகும்போது இந்த இடர் கூடவே செய்யும்.

சட்டமும் திட்டமும் தரும் மறைமுக விடை

குறிப்பிட்ட துணி வகைகளைக் கைத்தறிக்கு மட்டும் ஒதுக்கிய 1985-ஆம் ஆண்டுச் சட்டம், விசைத்தறி அல்லாத எந்தத் தறியையும் கைத்தறியாகக் கொண்டது. குழியா சட்டமா என்பதில் அதற்கு வேறுபாடில்லை. 2010-களின் தொடக்கத்தில், நெசவின் ஏதேனும் ஒரு படிநிலையில் மனித உழைப்பு இருந்தாலே போதும் என்று இவ்வரையறையைத் தளர்த்தும் பரிந்துரை எழுந்தபோது கடும் எதிர்ப்பு ஏற்பட்டது. மோட்டாரால் இழை தூக்கும் மின்னணு ஜக்கார்டு, கையால் அடிக்கும் பலகையோடு ஒரே மரத்தறியில் சேரும்போது அத்தறியை எவ்வகையில் சேர்ப்பது என்ற கேள்வி அப்போதிருந்து முழுமையாகத் தீரவில்லை.

நலத்திட்டங்கள் வேறொரு வழியில் வடிவத்தைப் பாதிக்கின்றன. நெசவாளருக்கு வீட்டோடு பணிக்கூடமும் அமைத்துத் தரும் எண்ணம் 1980-களிலிருந்தே நடுவண் அரசின் திட்டங்களில் இடம்பெற்று வருகிறது. தறி, ஜக்கார்டு முதலியவற்றின் விலையில் 90 விழுக்காடு வரை நடுவண் அரசு ஏற்கும் உதவித்திட்டமும் உள்ளது. இவை பயனுள்ளவை என்பதில் ஐயமில்லை. ஆயினும் கருவியை ஒரு திட்டமும் கட்டடத்தை வேறொரு திட்டமும் வழங்கும்போது, தறி வரும் காலத்தில் அதற்கேற்ற கூரையோ ஈரம் தடுத்த தரையோ இல்லாமல் போகலாம். வீடு கட்டப்படும்போது தறியின் நீளம் கணக்கில் வராமலும் போகலாம். வழங்குவதற்கும் கணக்கில் காட்டுவதற்கும் எளிதான, தனித்து நிற்கும் சட்டத்தறியின் பக்கம் நிர்வாகம் சாய்வதும் இயல்பு. அச்சாய்வு வெளிப்படையாக விவாதிக்கப்பட்ட முடிவாகத் தெரியவில்லை.

மதிப்பீடும் எஞ்சும் வினாக்களும்

மேற்கண்ட நிலைப்பாடுகளை ஒருசேர நோக்கும்போது சில முடிவுகளை ஓரளவு உறுதியோடு கூறலாம். விசைநாடாவின் வேகத்தை வைத்துக் குழித்தறியைத் தள்ளுவது கோர்வைப் பட்டுக்குப் பொருந்தாது. கோர்வையை வைத்துக் குழியை இன்றியமையாததாக்குவதும் போதிய அடிப்படையற்றது. ஜக்கார்டின் வரவுக்குப் பின் தறியின் அமைப்பைக் கூரையிலிருந்தும் தரையிலிருந்தும் பிரித்து ஆராய முடியாது. உதவியாள் தேவையைக் குறைக்கும் மாற்றம் எதுவாயினும், அது நெசவாளரின் கூலியைக் குறைக்காத வரை, அதற்குச் சார்பான அறக்காரணம் வலுவானது.

திறந்தே இருக்கும் வினாக்களும் பல. ஒரே நெசவாளர், ஒரே பட்டு, ஒரே வடிவம் என்ற நிலையில் இரு தறிகளின் துணியை ஒப்பிடும் முறையான சோதனை நடந்தால், தரம் பற்றிய வாதத்தின் பெரும்பகுதி தெளிவடையும். நெசவாளர்களைப் பல்லாண்டுகள் தொடர்ந்து கவனிக்கும் உடல்நல ஆய்வு, எந்த அமைப்பு எந்த வயதில் எந்த உறுப்பை வருத்துகிறது என்பதைக் காட்டக்கூடும். மரச்சட்டத்தின் இடத்தில் இரும்புச் சட்டம் வரும்போது அதிர்வும் ஒலியும் துணியையும் வீட்டையும் எவ்வாறு பாதிக்கின்றன என்பதும், தறி செய்யும் தச்சர்களின் அறிவு அடுத்த தலைமுறைக்குச் செல்கிறதா என்பதும் ஆராயத்தக்கவை.

இதுவரையிலான வாதங்கள் தறியை ஒரு கருவியாகவே கண்டன. காஞ்சிபுரத்தில் அது வீட்டின் ஓர் உறுப்பு. ஆகவே குழியா சட்டமா என்ற தேர்வு வீட்டுக்கு வீடு மாறுபடுவதைக் குறையாகக் கருத வேண்டியதில்லை. அத்தேர்வை நெசவாளரே, அவரோடு தறியில் உழைக்கும் பெண்களையும் சேர்த்துக்கொண்டு, செய்ய வேண்டும். அவர்கள் எதைத் தேர்ந்தாலும் அதற்கேற்ற தரை, வடிகால், கூரை, வெளிச்சம் ஆகியவற்றுக்கும் தறிக்கான உதவியோடு சேர்த்தே பணம் ஒதுக்கப்பட வேண்டும். இப்போதுள்ள சான்றுகளைக் கொண்டு இவ்வளவையே உறுதியாகச் சொல்ல முடிகிறது. எனினும் கொள்கை வகுப்போர் தம் பணியைத் தொடங்க இதுவே போதுமானது.